‘தான் கீழே விழுந்ததாகக் கூறினார்’

சாட்சியின் பெயரும் வீட்டு முகவரியும், அவர் கேட்டுக்கொண்டபடி, தனித்தாளில் எழுதப்பட்டு ஒட்டிய உறையில் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பெண். வயது 47. தொழில்: பொது மருத்துவமனை அவசரப் பிரிவில் பதிவு எழுத்தர். இருப்பிடம்: மருத்துவமனை ஊழியர் குடியிருப்பு. இடம்: காவல் நிலையம், உதவி ஆய்வாளர் அறை. நேரம்: செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி. சாட்சி தானாக முன்வந்து சொல்வதாவது:

நான் மேற்படி மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். அங்கே என்னை எல்லோரும் ரிஜிஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், பெரிய டாக்டர்கள் உட்பட. அவசரப் பிரிவின் வாசலுக்கு இடது பக்கம் என் கவுண்டர். முன்னால் கண்ணாடி, அதில் பதிவேடு நுழைகிற அளவுக்குத் தாழ்வாக ஓர் ஓட்டை, உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி. அறைக்கு ஒரே கதவு. அது நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போகிற நடைபாதையில் திறக்கும். அடிபட்டு வருகிறவர்கள் அந்த ஓட்டைக்குக் குனிந்துதான் என்னிடம் பேச வேண்டும். குனிய முடியாதவர்களுக்காகக் கூட வந்தவர்கள் குனிவார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் பாதி நேரம் நான் கேட்டது கூட வந்தவர்களின் குரலைத்தான். அது தவறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வருகிறவர்களை விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. பெயர், வயது, கூட்டிவந்தவர், காயம் எங்கே, எப்படி நேர்ந்தது, கடைசியில் ஒப்பம். ‘எப்படி நேர்ந்தது’ என்ற கட்டத்தில் நோயாளி சொல்வதை எழுத வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் வருவார்கள். அதில் சரிபாதி விழுந்தவர்கள். படியில் விழுந்தவர், பாத்ரூமில் விழுந்தவர், ஏணியில் இருந்து விழுந்தவர் என்று எழுதி எழுதி எனக்கு மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. அதன் பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நானே யோசித்து ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வாங்கினேன். அதன் வாசகம்: ‘நோயாளி, தான் ................ கீழே விழுந்ததாகக் கூறினார்.’ புள்ளி போட்ட இடத்தில் ‘படியில்’, ‘குளியலறையில்’ என்று ஒரு சொல்லை நிரப்பினால் தீர்ந்தது வேலை. வரிசை பாதியாகக் குறைந்தது. நிர்வாக அதிகாரி கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். ஒரு மாதம் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஸ்டாம்பை வேறு யாரும் செய்யச் சொல்லவில்லை. முழுக்க என் சொந்த மூளை.

கடந்த ஆண்டு ஜூன் பதினொன்றாம் தேதி காலை ஒன்பதரை மணி அளவில் இந்த வழக்கின் புகார்தாரரான பெண்ணை முதன்முதலாகப் பார்த்தேன். வயது இருபத்தேழு என்று பதிவாகியிருக்கிறது. துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கும் வேலை செய்பவர். இடது மணிக்கட்டு வீங்கி ஊதா நிறமாக இருந்தது. கூட வந்தவர் அவருடைய கணவர். மருத்துவமனை வாசலுக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்பதால் எனக்கு முன்பே முகப்பழக்கம். எட்டு மாதப் பெண் குழந்தையை அவர்தான் தோளில் போட்டிருந்தார். ஓட்டைக்குக் குனிந்தவரும் அவர்தான். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாக்கா, சொன்னா கேக்க மாட்டேங்குறா, வெறுங்கால்லயே ஓடுறா” என்றார். குழந்தையை இவ்வளவு பாந்தமாகத் தூக்கும் ஆணை நான் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டாம்பு வைத்தேன், ‘குளியலறையில்’ என்று நிரப்பினேன். ஒப்பக் கட்டத்தில், மனைவிக்குக் கை வலிக்கிறது என்று அவரே கையெழுத்திட்டார்.

அதன் பிறகு செப்டம்பர் மூன்றாம் தேதி இருவரும் வந்தார்கள். பெண்ணின் வலது புருவம் கிழிந்து, துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கணவர் “தலைசுத்தி விழுந்துட்டாக்கா, அலமாரி முனை கிழிச்சிடுச்சு” என்றார். நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது என் மூக்குக்கண்ணாடி சரிந்து சரிந்து விழுந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “இங்க குடுங்கக்கா” என்று வாங்கி, சட்டைப்பையில் இருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, நின்ற இடத்திலேயே திருகாணியை முடுக்கிக் கொடுத்தார். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண் புருவத்தை அழுத்திக்கொண்டு நின்றார். ரத்தம் முழங்கை வரை வந்திருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டது. ஆனாலும் கண்ணாடி சரியான சந்தோஷத்தில்தான் நான் இருந்தேன்.

அதன் பிறகு நவம்பர் இருபதாம் தேதி இடப்பக்க விலாவில் அடியோடு வந்தார்கள். மறுபடியும் தலைசுற்றல், இந்தத் தடவை படியில். பதிவேட்டில் பழைய இரண்டு பதிவுகளையும் பார்த்த டாக்டர், இது ஏதோ மூளையிலோ காதிலோ உள்ள கோளாறு என்று சொல்லி, தலைக்கு ஸ்கேன், காதுக்குப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதினார். ஒன்றிலும் ஒரு குறையும் வரவில்லை. அதற்குள் அவசரப் பிரிவில் அந்தப் பெண்ணுக்குத் ‘தலைசுத்தல்’ என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தது நான்தான். முடிவுகள் வந்த அன்று டாக்டர் என் கவுண்டர் பக்கம் வந்து, “எல்லாம் நார்மல்னா இந்தம்மா ஏன் விழுந்துகிட்டே இருக்காங்க?” என்று கேட்டார். நான் “தரை மேல அவ்வளவு ஆசை போல டாக்டர்” என்றேன். அங்கிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் இரண்டடி தள்ளிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார்.

அதன் பிறகு இந்த ஆண்டு ஜனவரி பதினான்காம் தேதி காலை பதினோரு மணிக்கு நான்காவது தடவை வந்தார்கள். இடது காதில் இருந்து ரத்தம். கணவர் சொன்னது: கட்டிலில் இருந்து கீழே விழுந்துட்டா. ஸ்டாம்பு வைத்தேன், ‘கட்டிலில் இருந்து’ என்று நிரப்பினேன், அவர் கையெழுத்திட்டார். பெண்ணைக் காயம் கட்டும் அறைக்கு அனுப்பினேன். அந்த அறையில் அப்போது மூன்று மாதம் முன்பு சேர்ந்த நர்ஸ் ஒருவர் இருந்தார். புதியவர் என்பதால் நாங்கள் அவரைப் ‘புதுசு’ என்போம். கால் மணி நேரத்தில் புதுசு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, “அக்கா, அவரை ஒரு பத்து நிமிஷம் இங்க நிறுத்தி வைக்கணும். ஏதாவது ஃபாரம் குடுத்து நிரப்பச் சொல்லுங்க” என்று கேட்டார். எதற்கு என்றேன். “அவங்ககிட்ட தனியாப் பேசணும். விழுறவங்க கையை ஊனுவாங்கக்கா, உள்ளங்கை தேய்ஞ்சிருக்கும். இவங்க உள்ளங்கைல ஒரு கீறல் இல்ல. அடியெல்லாம் முழங்கைக்குக் கீழ வெளிப்பக்கம். முகத்தை மறைச்சுக் கையைத் தூக்கினா எங்க படுமோ அங்க. பழைய தழும்பு, புதுத் தழும்பு எல்லாம் கலந்து கிடக்கு. காது அடி நேத்தே பட்டிருக்கு, இன்னைக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்காரு” என்றார்.

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. குடும்ப விஷயத்தில் நமக்கென்ன வேலை, அந்த ஆள் தங்கமான ஆள், வீண் வம்பை விலைக்கு வாங்காதே என்று சொன்னேன். அதற்கு அவர், “அந்த ஆள் பக்கத்துல இல்லாம அவங்க உக்கார்ற ஒரே இடம் என் திரைக்குப் பின்னாடிதான்கா. நாம கேக்கலன்னா யாரும் கேக்கப் போறதில்ல. சொல்லணும்னு நான் கட்டாயப்படுத்த மாட்டேன். கேக்க மட்டும் செய்வேன்” என்றார். சரி, பத்து நிமிடம்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் கணவரைக் கூப்பிட்டு, காதுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, தேவையே இல்லாத இரண்டு படிவங்களைக் கொடுத்தேன். அவர் கவுண்டர் மேல் வைத்து அழகான கையெழுத்தில் நிரப்பினார். நாலு நிமிடம் ஆகியிருக்கும். தலையை நிமிர்த்தி, “என்னக்கா, இன்னைக்கு ஃபாரமா குடுக்கறீங்க?” என்று சிரித்தார். அந்தச் சிரித்த முகத்துக்கு எதிரே எனக்குப் பொய் ஓடவில்லை. “உள்ள சிஸ்டர் அவங்ககிட்ட தனியா ஏதோ கேக்கணுமாம், அதான்” என்று உளறிவிட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “சரிக்கா” என்றார். ஓடவில்லை, நடந்துதான் உள்ளே போனார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் மனைவியின் முழங்கை. என்னைத் தாண்டும்போது நின்று, “ரொம்பத் தேங்க்ஸ்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாய்தான் எனக்கு எமன் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் அவர் நிர்வாக அதிகாரியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். தன் குடும்பத்தைக் கலைக்க நர்ஸ் முயன்றதாக அதில் இருந்தது. விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. நிர்வாக அதிகாரி, “காயத்துக்குக் கட்டுப் போடத்தான் நமக்குச் சம்பளம், புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நிக்க இல்ல” என்று சொல்லிப் புதுசைத் தடுப்பூசி அறைக்கு மாற்றினார். அவர் பொருள்களை எடுக்க வந்தபோது நான் முகம் கொடுக்காமல் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குத் திட்ட ஒரு வழி கிடைத்திருக்கும். “நாலு நிமிஷத்துல ஒண்ணே ஒண்ணுதான் சொல்ல முடிஞ்சுதுக்கா. நீங்க எப்போ சொன்னாலும், உங்க வாயால சொன்னத சொன்ன மாதிரியே எழுதி வைக்கிறது எங்க கடமைன்னு சொன்னேன். அவங்க ‘நிஜமாவா எழுதுவீங்க?’ன்னு கேட்டாங்க. அதுக்குள்ள திரை விலகிடுச்சு” என்றார்.

அதன் பிறகு மார்ச் ஆறாம் தேதி காலை பத்து மணி அளவில் அந்தப் பெண் ஐந்தாவது தடவையாக வந்தார். வலது கை மோதிர விரல் பின்பக்கம் மடங்கி உடைந்திருந்தது. கணவர் அவரையும் குழந்தையையும் வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போயிருந்தார். ஸ்டாம்பு வைத்து ‘படியில்’ என்று நிரப்பினேன். அந்தப் பெண் இடது கையால் ஒப்பமிட்டார். எலும்புப் பிரிவுக்கு அனுப்பினேன்.

அதன் பிறகு நடந்தவற்றில் நான் நேரில் பார்த்தது குறைவு. ஏப்ரல் இரண்டாம் தேதி அந்தப் பெண் குழந்தைக்கு ஒன்றரை வயது ஊசி போடத் தடுப்பூசி அறைக்கு வந்தார். அந்த அறைக்குள் தாயும் குழந்தையும் மட்டும்தான் போகலாம், மற்றவர்கள் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும். அங்கே புதுசு இருந்தார். மறுபக்கக் கதவு வழியாகப் புதுசே அவர்களைக் கூட்டிக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தார். புகார் பதிவாயிற்று, தாயும் குழந்தையும் பெண்கள் விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். கணவர் அன்று பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று துப்புரவு செய்யும் அம்மா சொன்னார். அதைக் கேட்டபோது மூன்று மாதத்தில் முதல்தடவையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

அது ஒன்பது நாள்தான் நிலைத்தது. அதற்குள் நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு, பதிவேட்டின் அந்த ஐந்து பக்கங்களுக்கும் நகல் எடுத்து ‘உண்மை நகல்’ என்று சான்றிட்டுத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். கணவரின் வக்கீல் அவற்றை நீதிமன்றத்தில் வைத்தார். அடிக்கடி தலைசுற்றி விழும் நோய் இந்தப் பெண்ணுக்கு இருக்கிறது, ஐந்து தடவையும் அவரே மருத்துவமனையில் தன் வாயால் சொல்லியிருக்கிறார், ஐந்தாவதில் அவருடைய கையெழுத்தே இருக்கிறது, இப்படி விழுகிறவரிடம் ஒன்றரை வயதுக் குழந்தையை எப்படி விடுவது என்று வாதிட்டார். ஏப்ரல் பதினொன்றாம் தேதி, மறு உத்தரவு வரும்வரை குழந்தை தகப்பனிடம் இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று. விடுதி வாசலில் குழந்தையை வாங்கும்போது அதன் ஒரு செருப்பு தாயின் கையிலேயே தங்கிவிட்டதாகப் புதுசு என்னிடம் சொன்னார். வருகிற வியாழக்கிழமை மறுவிசாரணை.

நேற்று மாலை நிர்வாக அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பத்தொன்பது ஆண்டில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுவே முதல்தடவை. “நாளைக்கு ஸ்டேஷன்ல கேட்டா, பதிவேட்டுல இருக்கிறதுதான் நடந்ததுன்னு ஒரே வரில சொல்லிட்டு வந்துடுங்க. பொய்யா எழுதினேன்னு சொன்னீங்கன்னா உங்க மேலதான் கேஸ் திரும்பும். வேலை போகும். குவாட்டர்ஸைக் காலி பண்ணணும். படுத்த படுக்கையா இருக்கிற உங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டு எங்க போவீங்க?” என்று கேட்டார். அவர் மிரட்டியதாக நான் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார்.

அங்கிருந்து வெளியே வந்தால் வாசலுக்கு எதிரே கண்ணாடிக் கடை. குடியிருப்புக்குப் போக வேறு வழி கிடையாது. நாள்தோறும் நாலு தடவை அந்தக் கடையைத் தாண்டுகிறேன். நேற்றும் அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். குழந்தை கடைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. “அக்கா, கண்ணாடி சரியா நிக்குதா? லூஸானா கொண்டுவாங்க” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, குனிந்து, கண்ணாடி கழன்று விழுகிறதா என்று பார்த்தேன். விழவில்லை. நல்ல வேலைப்பாடு. எனக்கு அழுகையாக வந்தது. பதிவேடு உண்மை என்று சொன்னால் ஒரு தாய் குழந்தையை இழக்கிறார், பொய் என்று சொன்னால் நான் வீட்டை இழக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறது என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் பேச்சு வராதவர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி வருபவை உதவி ஆய்வாளர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

ஸ்டாம்பில் உள்ள ‘தான்’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று கேட்டதற்கு: நோயாளியைக் குறிக்கிறது. நோயாளியே தன்னைப் பற்றித் தன் வாயால் சொன்னார் என்று பொருள்.

ஐந்து பதிவுகளிலும் அப்படிச் சொன்னவர் நோயாளிதானா என்று கேட்டதற்கு: இல்லை. முதல் நான்கிலும் கணவர் ‘விழுந்துட்டா’ என்றார். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. என் ஸ்டாம்பில் ‘கணவர் கூறினார்’ என்று போட இடமில்லை. ‘விழுந்துட்டா’ என்பதை நான்தான் ‘விழுந்துட்டேன்’ ஆக்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கத்தில் கை அதுவாகப் போயிற்று. இதே ஸ்டாம்பு மூன்று ஆண்டுகளில் எத்தனை பேருக்கு வைக்கப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஐந்தாவது பதிவின்போது கணவர் அங்கே இல்லையே, ‘படியில்’ என்று யார் சொன்னது என்று கேட்டதற்கு: யாரும் சொல்லவில்லை. வழக்கமாக வருகிறவர்தானே என்று நானே நிரப்பினேன்.

அன்று அந்தப் பெண் உங்களிடம் ஏதாவது பேசினாரா என்று கேட்டதற்கு: இல்லை.

மேற்கண்ட வாக்குமூலம் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பேனாவை வாங்கினேன். ஒப்பமிடாமல் அதை மேசை மேல் வைத்தேன். கடைசிப் பதில் பொய், அதை அடித்துவிடுங்கள் என்றேன். உதவி ஆய்வாளர், பதிவானதை அடிக்க முடியாது, வேண்டுமானால் கீழே சேர்க்கலாம் என்றார். அத்துடன், “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதுவரைக்கும் நீங்க சொன்னது கவனக்குறைவு. இதுக்கு மேல ஏதாவது சொன்னா அது வேற மாதிரி ஆயிடும். உங்க மேலயே திரும்பும்” என்றும் எச்சரித்தார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் தரப்பட்டது. யோசித்தேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

சேர்க்கை: மார்ச் ஆறாம் தேதி அந்தப் பெண் என்னிடம் பேசினார். ஐந்து தடவையில் அன்றுதான் ஓட்டைக்கு அவரே குனிந்தார். குழந்தை இடுப்பில் இருந்தது. அவருடைய வாய் ஓட்டைக்கு மிக அருகில் இருந்ததால் மெதுவாகச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “அக்கா, அவரு வர்றதுக்குள்ள எழுதிடுங்க. நான் விழலன்னு எழுத முடியுமா?” என்றார்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். புதுசு சொன்னதை நம்பி வந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. புதுசைத் தூக்கி அடித்தது மாதிரி என்னையும் அடிப்பார்கள் என்று பயந்தேன். வாசலைப் பார்த்தேன். கணவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணிடம், “அப்படியெல்லாம் எழுத இதுல கட்டம் இல்லம்மா” என்று சொன்னேன். ஸ்டாம்பை எடுத்து வைத்தேன். ‘படியில்’ என்று நிரப்பினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர். பதிவேட்டை ஓட்டை வழியாக அவர் பக்கம் தள்ளி, “இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா” என்றேன்.

வலது விரல் உடைந்திருந்ததால் போட முடியவில்லை. குழந்தையை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இடது கையால் போட்டார். எழுத்துக் கோணலாக வந்ததற்கு, “மன்னிச்சிடுங்கக்கா” என்று என்னிடம் சொன்னார்.

நீதிமன்றத்தில் உள்ள கையெழுத்து அதுதான். விழவில்லை என்று சொன்னவரிடம் விழுந்தேன் என்று கையெழுத்து வாங்கியது நான். அவர் என்னிடம் சொன்னது நான் இப்போது சொன்ன அந்த வார்த்தைகள்தான். என் காதால் கேட்டேன்.

சேர்க்கையையும் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. இதைச் சொல்லச் சொல்லி என்னை யாரும் தூண்டவில்லை, சொல்லாதே என்று தடுத்தவர்களைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். இவை முழுவதும் உண்மை என்றறிந்து, வியாழக்கிழமை நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையே சொல்லச் சம்மதித்து, கீழே என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சாட்சி

என் முன் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்
பகல் 1.20